ரேங்க் ஒண்ணு, கேள்வி ரெண்டு: தரவரிசையை நம்பலாமா? அது நியாயமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

போன வாரம் எனக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு. "உங்க பாட்காஸ்ட்டை ஏழே நாள்ல டாப் பத்துக்குள்ள கொண்டுவந்துடலாம் ப்ரோ. பாதி பணம் முன்னாடி, மீதி வந்தபிறகு." படிச்சதும் கோபம் வந்திருக்கணும். எனக்கு வெட்கம்தான் வந்துச்சு. ஏன்னா கிட்டத்தட்ட இதே வேலையை 2010 வாக்கில் நானே செஞ்சிருக்கேன். அதுவும் பைசா வாங்காம.

அதனால இன்னைக்குத் தரவரிசையைப் பத்திப் பேசுவோம். எழுதுறவங்களை, பேசுறவங்களை ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசையில நிறுத்துற அந்த எண் எங்கிருந்து வருது, அதை எவ்வளவு நம்பலாம், அது நியாயமானதா. இந்தக் கதையைச் சொல்ல வலைப்பதிவுகள்தான் சரியான இடம். இன்னைக்கு நாம பார்க்குற எல்லா டாப் லிஸ்ட்டுக்கும் ஒத்திகை அங்கதான் நடந்துச்சு.

மொய்க்கு மொய்

கேக்குற பலருக்கு அந்தக் காலம் நேரடியாத் தெரிஞ்சிருக்காது. பிளாக்ஸ்பாட்லயும் வேர்ட்பிரஸ்லயும் நிறைய பேர் தமிழ்ல எழுதிட்டு இருந்தாங்க. யார் எங்க என்ன எழுதியிருக்காங்கன்னு ஒவ்வொரு முகவரியா தேடிப் போக முடியாது. அதுக்காக வந்ததுதான் திரட்டி. புதுசா வந்த இடுகைகளோட தலைப்பையெல்லாம் ஒரே பக்கத்தில் அடுக்கிக் காட்டும். 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் இதில் முன்னோடி. பிறகு இன்னும் பல திரட்டிகள் வந்தன. இடுகைக்குப் பக்கத்தில் வாக்குப் பட்டை இருக்கும். வாக்கு ஏறினா இடுகை மேல போகும். மேல போனா இன்னும் நிறைய பேர் பார்ப்பாங்க.

நான் புழங்கிட்டு இருந்த திரட்டியோட பேர் வேண்டாம். தப்பு எங்க மேலதான். நாங்க பன்னெண்டு பேர் ஒரு செட். யார் இடுகை போட்டாலும் சாட்ல லிங்க் வந்துடும். அரை மணி நேரத்துக்குள்ள ஆளுக்கு ஒரு ஓட்டு, ஆளுக்கு ஒரு பின்னூட்டம். "மீ த பர்ஸ்ட்டு", "வடை எனக்கே", "அருமை, தொடருங்கள்." முழுசா படிச்சுட்டுத்தான் போட்டோமான்னு மட்டும் கேக்காதீங்க. பதிவுலகத்துல இதுக்குப் பேரே மொய். கல்யாண வீட்டு நோட்டு மாதிரிதான். நீ எனக்கு எழுதினதை நான் உனக்குத் திருப்பி எழுதியாகணும்.

அதே திரட்டியில ஒரு பெரியவர் எழுதிட்டு இருந்தார். மின்வாரியத்துல லைன்மேனா இருந்து ஓய்வுபெற்றவர். புயல் அடிச்ச மறுநாள் ஒரு ஊருக்கு எப்படிக் கரண்ட் திரும்பக் கொடுப்பாங்க, எந்த ஃபீடரை முதல்ல எடுப்பாங்க, கம்பத்து மேல ஏறும்போது கீழ நிக்கிறவர் என்ன பண்ணணும்னு எழுதுவார். வேற யாராலயும் எழுத முடியாத விஷயம். ஓட்டு? ரெண்டு, மூணு. அதுல ஒண்ணு அவரே போட்டது.

ஒருநாள் எனக்கு மெயில் அனுப்பினார். "தம்பி, என் பதிவு மேல வரவே மாட்டேங்குதே, நான் எழுதுறது நல்லா இல்லையா?" நான் பதில் போட்டேன்: "நல்லா இருக்குங்க ஐயா. இன்னும் கொஞ்சம் சுருக்கமா எழுதிப் பாருங்க." அது பொய். அவர் எழுத்தில் குறை இல்லை. அவருக்கு மொய் எழுத பன்னெண்டு பேர் இல்லை, அவ்வளவுதான். சில மாசத்துல அவர் எழுதுறதை நிறுத்திட்டார்.

நியாயமா அவருக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்கணும்? அதைத்தான் இன்னைக்குச் சொல்லப் பார்க்கிறேன்.

தராசுல ரெண்டு விதக் கோளாறு

முதல்ல ஒரு வித்தியாசத்தைப் பிடிச்சுக்கணும். நம்பகம் வேற, நியாயம் வேற.

ஒரு மளிகைக் கடைத் தராசு. ஒரே பொருளை மூணு தடவை வைக்கிறீங்க, மூணு தடவையும் வேற வேற எடை காட்டுது. அது நம்பகமில்லாத தராசு. இன்னொரு தராசு எத்தனை தடவை வெச்சாலும் மாறாம ஒரே எடையைக் காட்டுது, ஆனா ஒவ்வொரு தடவையும் ஐம்பது கிராம் கடைக்காரர் பக்கம் சாயுது. அது நம்பகமானதுதான், நியாயமானது இல்லை. தரவரிசைகளில் இந்த ரெண்டு கோளாறும் உண்டு. பல நேரம் ரெண்டும் சேர்ந்தே இருக்கும்.

வலைப்பதிவுகளை அளக்க மூணு பொருளைத்தான் எண்ணிப் பார்த்தாங்க: இணைப்பு, வருகை, வாக்கு. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

இணைப்பை எண்ணினால்

1998-ல் லாரி பேஜ், செர்கே பிரின் ரெண்டு பேரும் ஸ்டான்ஃபோர்டில் படிக்கும்போது பேஜ்ரேங்க் முறையை வெளியிட்டாங்க. ஒரு பக்கத்துக்கு மற்ற பக்கங்கள் இணைப்பு கொடுத்தா அது ஒரு சிபாரிசு மாதிரி. அந்த சிபாரிசை யார் கொடுக்கிறாங்க என்பதற்கும் எடை உண்டு. கூகுள் இந்த முறை மேலதான் எழுந்துச்சு. 2002-ல் டேவ் சிஃப்ரி தொடங்கிய டெக்னோராட்டி இதை வலைப்பதிவுக்கு எளிமையாக்கி, கடைசி ஆறு மாசத்துல எத்தனை வலைப்பதிவுகள் உங்களுக்கு இணைப்பு கொடுத்திருக்குன்னு எண்ணி, அதுக்கு "அத்தாரிட்டி"ன்னு பேர் வெச்சது. முதல் நூறு பட்டியலும் போட்டது.

யோசனை நல்ல யோசனைதான். ஆனா இணைப்புக்கு மதிப்பு வந்ததுமே அது சரக்காகிடுச்சு. நீ உன் ஓரப்பட்டையில என் பேரைப் போடு, நான் உன் பேரைப் போடுறேன். இணைப்புகள் விலைக்கும் வந்துச்சு. இயந்திரங்கள் ஊர்ல இருக்கிற வலைப்பதிவுகளோட பின்னூட்டப் பெட்டிக்குள்ள எல்லாம் இணைப்பைக் கொட்டிட்டுப் போக ஆரம்பிச்சதுக்குக் காரணமும் இதுதான். சமாளிக்க முடியாம 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூணும் சேர்ந்து, "இந்த இணைப்பைக் கணக்கில் சேர்க்காதே" என்று சொல்லும் நோஃபாலோ என்ற குறியைக் கொண்டுவந்தன.

இன்னொரு சிக்கல் யாரும் ஏமாத்தாமலே வரும். 2003-ல் கிளே ஷிர்க்கி 433 வலைப்பதிவுகளை எடுத்துப் பார்த்தார். முதல் 12 வலைப்பதிவுகளுக்கே மொத்த இணைப்புகளில் 20 சதவீதம் போயிருந்தது. முதல் 50-க்குப் பாதி. இதுல சதி எதுவும் தேவையில்லைன்னுதான் அவர் வாதம். புதுசா வர்றவர் ஏற்கனவே பலர் படிக்கிறவங்களைத்தான் முதல்ல பார்க்கிறார், அவங்களுக்கே இணைப்பு கொடுக்கிறார். உள்ளவனுக்கே மேலும் மேலும் சேருது. முந்தி வந்தவருக்கு இடம் கிடைச்சுடுது. பிந்தி வந்தவர் எவ்வளவு நல்லா எழுதினாலும் வரிசையோட வால்லதான் நிக்கணும்.

வருகையை எண்ணினால்

இங்க அலெக்ஸா வர்றாங்க. வீட்ல பாட்டு போடச் சொன்னா போடுற அலெக்ஸா இல்ல. அதுக்கு ரொம்ப முன்னாடியே, 1996-ல் ஆரம்பிச்ச ஒரு இணைய நிறுவனம். 1999-ல் அமேசான் வாங்கிடுச்சு. அலெக்ஸா ரேங்க் என்ன என்பதுதான் விளம்பரம் கொடுக்கிறவங்க கேக்குற முதல் கேள்வியா இருந்த காலம் உண்டு.

அந்த எண் எப்படி வந்துச்சு? உங்க தளத்துக்கு வர்ற எல்லாரையும் அலெக்ஸா எண்ணல. எண்ணவும் முடியாது. தன்னோட டூல்பாரை பிரவுசரில் போட்டுக்கிட்டவங்க எங்கெல்லாம் போறாங்கன்னு பார்த்து, அதை வெச்சு உலகத்தைக் கணிச்சது. டிவி டிஆர்பி மாதிரி, மாதிரிக் கணிப்பு. ஆனா டூல்பாரை யார் போடுவாங்க? சாதாரண வாசகர் போடமாட்டார். தளம் நடத்துறவர், விளம்பர ஆள், "என் ரேங்க் என்ன"ன்னு துடிக்கிற பதிவர், இவங்கதான் போடுவாங்க. அதனால பிளாக்கிங் பத்தி எழுதுற பிளாக் மேல போகும். சமையல் பத்தி எழுதுற பிளாக் கீழ நிக்கும். பதிவர் தானே டூல்பாரைப் போட்டுட்டு தன் பக்கத்தையே தினம் திறந்து பார்த்தாலும் எண் நகரும்.

அலெக்ஸா இதை மறைக்கல. ஒரு லட்சத்துக்குக் கீழே இருக்கிற தளங்களின் தரவரிசை தோராயமானதுன்னு அவங்களே சொல்லியிருந்தாங்க. ஆனா தமிழ்ல எழுதுற ஒரு சின்ன வலைப்பதிவு பெரும்பாலும் அந்த ஒரு லட்சத்துக்குக் கீழதான் இருக்கும். ஒன்பது லட்சத்துல இருந்து ஏழு லட்சத்துக்கு வந்துட்டேன்னு நாங்க கொண்டாடினது வெறும் இரைச்சலை.

இதுக்கு ஆதாரமும் பின்னாடி வந்துச்சு. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் முன்னின்று நடத்தி 2019-ல் வெளியான ஒரு ஆய்வு, புகழ்பெற்ற தளப் பட்டியல்களை எவ்வளவு சுலபமாக வளைக்கலாம்னு சோதிச்சுப் பார்த்தது. அலெக்ஸா பட்டியலில் ஒரு தளத்தின் இடத்தை மாற்ற, போலியாக அனுப்பிய ஒரே ஒரு கோரிக்கை போதுமானதாக இருந்தது. ஒண்ணே ஒண்ணு. 2022 மே 1-ம் தேதி அலெக்ஸா அந்தச் சேவையையே மூடிடுச்சு.

எண்ணுறதுலயே இன்னொரு கூத்து நடந்தது நினைவிருக்கு. 2012 ஆரம்பத்தில் பிளாக்ஸ்பாட் வலைப்பதிவுகளை இந்தியாவில் திறந்தா, முகவரி டாட் காம்ல இருந்து டாட் இன் ஆக மாற ஆரம்பிச்சது. நாட்டுக்கு ஒரு முகவரி. எழுதினவர் ஒருத்தர்தான், எழுத்தும் ஒண்ணுதான். ஆனா முகவரியை வெச்சு எண்ணுற கருவிக்கு அது ரெண்டு பக்கம். சென்னையில இருந்து படிச்சவர் ஒரு கணக்கில், துபாயில இருந்து படிச்சவர் இன்னொரு கணக்கில். ஒரு எழுத்துகூட மாறாம ஒருத்தரோட எண் பிளந்து போகலாம்.

வாக்கை எண்ணினால்

சரி, இணைப்பும் வேண்டாம், வருகையும் வேண்டாம், மக்கள் வாக்கே போடட்டும். அதுதானே ஜனநாயகம்?

ரெட்டிட் தன்னோட மென்பொருளை எல்லாரும் பார்க்கத் திறந்து வெச்சிருந்த காலத்துல அதோட கணக்கைப் படிக்க முடிஞ்சது. அதில் ரெண்டு விஷயம். முதல் பத்து வாக்குக்கு என்ன எடையோ, அடுத்த தொண்ணூறு வாக்குக்கும் சேர்த்து அதே எடை. அதேபோல, பன்னெண்டரை மணி நேரம் தாமதமாக வந்த இடுகை, பத்து மடங்கு வாக்கு வாங்கின பழைய இடுகைக்குச் சமம். புதுசுக்கு இடம் கொடுக்க இது நல்ல வழி. ஆனா இதோட இன்னொரு முகம் என்ன? முதல் அரை மணி நேரத்துல விழுற பத்து ஓட்டுதான் தலையெழுத்து. எங்க பன்னெண்டு பேர் செட்டுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. ஆனா அரை மணி நேரத்துக்குள்ள ஓட்டுப் போடணும்னு மட்டும் நல்லாத் தெரிஞ்சிருந்தது.

அந்த முதல் ஓட்டு பின்னாடி வர்றவங்க மனசையும் மாத்துது. 2013-ல் சயின்ஸ் இதழில் லெவ் முச்னிக், சினான் ஆரல், சான் டெய்லர் ஒரு சோதனையை வெளியிட்டாங்க. ஒரு செய்தித் தளத்தில் 101,281 பின்னூட்டங்களை எடுத்துக்கிட்டாங்க. குலுக்கல் முறையில சிலதுக்கு வந்ததுமே ஒரு போலி ஆதரவு வாக்கு, சிலதுக்கு எதிர் வாக்கு, மத்தது அப்படியே. கடைசியில் பார்த்தா அந்த ஒரு ஆதரவு வாக்கு விழுந்த பின்னூட்டங்களோட மதிப்பு சராசரியா 25 சதவீதம் கூடியிருந்தது. எதிர் வாக்கு விழுந்ததை மத்தவங்க வந்து சரிபண்ணிட்டாங்க. அதாவது, அநியாயமா ஒருத்தரைக் கீழே தள்ளினா கூட்டம் தட்டிக்கேக்குது. அநியாயமா ஒருத்தரை மேலே தூக்கினா கூட்டம் சேர்ந்து தூக்குது. எங்க மொய் ஏன் அவ்வளவு நல்லா வேலை செஞ்சதுன்னு இதைப் படிச்சப்பதான் எனக்குப் புரிஞ்சது.

அப்போ தரத்துக்கு வேலையே இல்லையா?

இருக்கு. ஆனா நாம நினைக்கிற அளவுக்கு இல்லை. இதுக்கு எனக்குப் பிடிச்ச சோதனை 2006-ல் வந்தது. மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் செஞ்சது. யாருக்கும் தெரியாத இசைக்குழுக்களோட 48 பாட்டு. கலந்துகிட்டவங்க 14,341 பேர். ஒரு கூட்டத்துக்கு மற்றவங்க எத்தனை பேர் டவுன்லோட் பண்ணினாங்கன்னு காட்டவே இல்லை. மத்தவங்களை எட்டு தனித்தனி உலகமாகப் பிரிச்சு, அந்தந்த உலகத்தின் எண்ணிக்கையை மட்டும் காட்டினாங்க. அதே பாட்டு, அதே மாதிரி ஆட்கள், எட்டுத் தடவை வரலாறு ஓடுது.

எண்ணிக்கையைக் காட்டாத கூட்டத்தில் 26-வது இடத்தில் இருந்த ஒரு பாட்டு, ஒரு உலகத்தில் முதலிடம் வந்துச்சு. இன்னொரு உலகத்தில் 40-வது இடம். ரொம்ப நல்ல பாட்டு பெரும்பாலும் அடிமட்டத்துக்குப் போகல. ரொம்ப மோசமான பாட்டு பெரும்பாலும் உச்சிக்கு வரல. நடுவுல இருக்கிற அத்தனைக்கும் என்ன வேணும்னாலும் நடக்கலாம்.

இதுதான் இன்னைக்கு நான் சொல்ல வந்த விஷயத்தோட மையம். காய்ச்சலை அளக்குற தெர்மாமீட்டர் காய்ச்சலைக் கூட்டாது. ஆனா தரவரிசை தான் அளக்குறதையே மாத்திடும். நாம அந்த எண்ணைப் பார்த்துத்தான் எதைப் படிக்கணும்னு முடிவு பண்றோம், அந்த முடிவைத்தான் அடுத்த எண்ணாக அது காட்டுது. ஒரு அளவுகோலை இலக்காக வெச்சுக்கிட்டா அது நல்ல அளவுகோலா இருக்காதுங்கிற கருத்துக்குப் பொருளாதாரத்தில் குட்ஹார்ட் விதின்னு பேர். 1975-ல் சார்லஸ் குட்ஹார்ட் இதைச் சொன்னது பணக் கொள்கையைப் பத்தி. நாங்க அதை வாக்குப் பட்டையில் நிரூபிச்சோம்.

சரிசெய்ய முடியாதா?

முழுசா முடியாது. ஆனா குறைக்க முடியும். சில வழிகள் ஏற்கனவே இருக்கு.

ஒண்ணு, குறைவான வாக்கை நம்பாம இருக்கிறது. ஒரே ஒரு வாக்கு வாங்கி அதுவும் ஆதரவா இருந்தா 100 சதவீதம். நூறு வாக்கில் 95 ஆதரவு வாங்கினா 95 சதவீதம். சராசரியைப் பார்த்தா ஒத்தை ஓட்டுக்காரர் ஜெயிச்சுடுவார். எட்வின் வில்சன் 1927-லேயே கொடுத்த ஒரு சூத்திரம் இருக்கு. "கையில இருக்கிற ஆதாரத்தை வெச்சுப் பார்த்தா, உண்மையான ஆதரவு குறைந்தபட்சம் எவ்வளவு இருக்கும்?" என்று அது கேட்கும். அந்தக் கணக்கில் ஒத்தை ஓட்டுக்காரருக்குச் சுமார் 21, நூறில் 95 வாங்கினவருக்குச் சுமார் 89. பின்னூட்டங்களை வரிசைப்படுத்த ரெட்டிட் 2009-ல் இதை எடுத்துக்கிச்சு.

ரெண்டு, எப்பவும் சேர்ந்தே ஓட்டுப் போடுற பன்னெண்டு பேரைப் பன்னெண்டா எண்ணாம ஒண்ணு ரெண்டா எண்ணுறது. மூணு, முகப்பில் சில இடங்களைக் குலுக்கல் முறையில புதியவங்களுக்கும் கீழே இருக்கிறவங்களுக்கும் ஒதுக்குறது. பார்த்தபிறகு பிடிக்கலைன்னா சரி, பார்க்கப்படவே இல்லைன்னா அது தீர்ப்பு கிடையாது. நாலு, 417-வது இடம்னு துல்லியமாக் காட்டாம "முன்னூறுல இருந்து அறுநூறுக்குள்ள"ன்னு உண்மையைச் சொல்றது.

நீங்க எழுதுறவரா இல்லாம படிக்கிறவரா இருந்தா, ஒரு டாப் லிஸ்ட்டைப் பார்த்ததும் நாலு கேள்வி கேளுங்க. எதை எண்ணினாங்க? யாரை எண்ணாம விட்டாங்க? எத்தனை பேர் சேர்ந்தா இதை நகர்த்தலாம்? இந்த வரிசை மேல வந்தா யாருக்குக் காசு?

ஐயாவுக்கு

அந்த மெசேஜுக்கு நான் பதில் போடல. ஆசையே இல்லைன்னு சொன்னா பொய். ஸ்பான்சர் யாராவது பேசினா முதல் கேள்வி "உங்க ரேங்க் என்ன?"தான். ஆனா நான் காசு கொடுத்து ஒரு இடம் மேல ஏறினா, அங்க இருந்த யாரோ ஒருத்தர் ஒரு இடம் கீழ இறங்கணும். வரிசைன்னா அதுதான் அர்த்தம். 2010-ல் நாங்க யாரையும் கெடுக்கணும்னு நினைக்கல. நண்பர்களுக்கு ஓட்டுப் போட்டோம், அவ்வளவுதான். அப்போ கீழ இறங்கினவர் யார்னு எனக்குத் தெரியும்.

அவருக்கு இப்ப எழுதினா இப்படி எழுதுவேன். "ஐயா, உங்க பதிவு மேல வராததுக்கு உங்க எழுத்து காரணம் இல்லை. அந்த எண் உங்க எழுத்தை அளக்கவே இல்லை. முதல் அரை மணி நேரத்துல உங்களுக்கு எத்தனை பேரைத் தெரியும்னுதான் அளந்தது. சுருக்கமா எழுதச் சொன்னது தப்பு. மன்னிச்சுடுங்க."

அந்த மெயில் முகவரி இப்ப வேலை செய்யல. அவர் வலைப்பதிவு இன்னும் அங்கேயே இருக்கு. கடைசி இடுகையில பின்னூட்டம் பூஜ்யம்னு காட்டிட்டு இருந்தது. நேத்து போய் முழுசா படிச்சுட்டு ஒண்ணு போட்டுட்டு வந்தேன்.

நீங்களும் இந்த வாரம் எந்த லிஸ்ட்லயும் இல்லாத ஒண்ணைத் தேடிப் படிங்க, இல்ல கேளுங்க. பிடிச்சிருந்தா எழுதினவருக்கே நேரா ரெண்டு வரி சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.